ஒழுங்காக ஓடிய வண்டி

மேட்டில் மூன்றாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டான்.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு முனகல் வரும். அடுத்து ஒரு கடகடப்பு. பிறகு ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கீழே படுத்துப் பார்க்க வேண்டும். இன்று பின்னால் பதினாறு டன் டைல்ஸ் இருந்தும் லாரி புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே போகுது" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"இப்போ நல்லா போகுது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே ரோட்டைப் பார்த்தாள். அவசரமே இல்லை.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். அதற்கு முன்பிருந்தே அவனுக்கு இந்த லாரிதான். சொன்ன நேரத்துக்கு வீடு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அவள் தங்கை கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கிளட்ச் போய்விட்டது என்றான். அன்றிலிருந்து அவள் வீட்டில் அவனுக்குக் கிளட்ச் என்றே பெயர். குழந்தைகளுக்குக் கிளட்ச் மாமா. போன வாரம் அவள் தையல் கடை திறந்தாள். ஷட்டரைத் தூக்க அவன் வர வேண்டும் என்று பதினோரு மணி வரை எல்லோரையும் நிற்க வைத்தாள். அவன் வந்தது ஆறு மணிக்கு. ஆயில் மாற்றிய மெக்கானிக் அடி போல்ட்டை முறுக்க மறந்துவிட்டான், ஆயில் முழுக்க ரோட்டில் என்றான். 

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு வேற எங்கயோ குடும்பம் இருக்குன்னு சொல்லல. அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. லாரி ஸ்டாண்டுல உக்காந்து சீட்டாடுறீங்க. அவ்வளவுதான்."

"சத்தியமா வண்டி நிக்குதும்மா."

"நிக்கட்டும். அடுத்த லோடுக்கு நானும் வரேன். ஒரு தடவை என் கண் முன்னாடி நிக்கட்டும்."

கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு வந்திருந்தாள். இன்று வண்டி நிற்காவிட்டால் பதினேழு வருஷமும் பொய்.

மேடு முடிந்தது. சமவெளி. வண்டி எண்பதில் பறந்தது.

"ஒரு சத்தம் கேக்குதா?" என்றான்.

"என்ன சத்தம்?"

"கிணுகிணுன்னு."

அவள் கையை உயர்த்திக் காட்டினாள். வளையல்.

ஒரு மரத்தடியில் நிறுத்தி இறங்கினான். டயரைத் தட்டினான். ரேடியேட்டரைத் திறந்தான். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. ஆயில் குறையவில்லை. நல்ல நாளிலேயே முகம் கொடுக்காத வண்டி, மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி நடந்துகொண்டது. அவன் பம்பரை லேசாக உதைத்தான். கால்தான் வலித்தது.

அப்போதுதான் ரெண்டு நிமிஷத்தின் நினைவு வந்தது.

ரெண்டு நிமிஷம் என்பது ஒரு மெக்கானிக். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். வைப்பரைச் சரி செய்யக் கொடுத்தால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஹாரன் அடிக்கும். ஒருமுறை அவனுடைய ஸ்பேனர் எஞ்சினுக்குள்ளேயே முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்தது. அடி போல்ட்டை மறந்தவனும் அவன்தான். அவனிடம் ஒரு பத்து நிமிஷம் வண்டியைக் கொடுத்தால் போதும்.

ஷெட்டுக்குள் லாரி நுழைந்ததும் ரெண்டு நிமிஷம் எழுந்து நின்றான்.

"அண்ணே. இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னீங்களே."

"சொன்னேன்."

"என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத வண்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினான். "எதையாவது ஒண்ணைப் பிரிச்சு மாட்டு."

"எதை?"

"உன் இஷ்டம்."

ரெண்டு நிமிஷம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு லாரியிலிருந்து இறங்கி வந்த அவளைப் பார்த்தான். குடும்ப விஷயம் என்று நினைத்திருக்க வேண்டும். "வண்டி ஸ்டார்ட் ஆகுற செல்ஃப் மோட்டாரைக் கழட்டிப் பாத்துடலாம். ரெண்டு நிமிஷம்" என்றான்.

அவள் ஒரு பழைய டயர் மீது உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தைப்பவள் கண். ஒன்றும் தப்பாது.

"அந்தத் திருகு கீழ விழுந்துடுச்சு, தம்பி."

"பாத்துட்டேன் அண்ணி."

"முதல்ல கழட்டின வாஷர் உங்க சட்டைப் பையில இருக்கு."

"ஆமாமா."

போன் அடித்தபோது மெக்கானிக் எடுக்கவில்லை. வழக்கமான சீட்டியும் இல்லை. பரீட்சை எழுதுகிறவன் போல வேலை செய்தான். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

டிரைவர் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான்; மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"வேலை சுத்தமான தம்பி" என்றாள் அவள். "இவரைப் பத்தியா அவ்வளவு சொன்னீங்க."

கை கழுவப் பின்பக்கம் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது.

"தம்பி, இந்த பக்கெட் என்ன? விக்கிறதுக்கா?"

பெயிண்ட் வாங்கிய பெரிய பக்கெட். விளிம்பு வரை போல்ட்டு, நட்டு, வாஷர், சுருள் கம்பி.

"அதெல்லாம் மிஞ்சினது அண்ணி."

"எதுல மிஞ்சினது?"

"வண்டியிலதான். பிரிச்சு மாட்டினா ரெண்டு மூணு மிஞ்சத்தானே செய்யும். கம்பெனிக்காரன் தேவைக்கு மேல போட்டு அனுப்புறான். நீங்க துணி தைச்சா மிஞ்சாதா?"

"துணி மிஞ்சும். சட்டையில ஒரு கை மிஞ்சினா உக்காந்து யோசிப்பேன்."

ரெண்டு நிமிஷம் சிரித்தான். கேலி என்று அவனுக்குப் படவில்லை.

"எங்க வண்டியோடது இதுல இருக்கா?"

"இல்லாமலா? பச்சைப் பெயிண்ட் ஒட்டினதெல்லாம் அண்ணனோடதுதான்." பக்கெட்டில் கையை விட்டுத் துழாவினான். ஒன்று, மூன்று, ஏழு. பிள்ளைகளை அறிமுகப்படுத்துவது போல வரிசையாகத் தரையில் வைத்தான். "இது ரேடியேட்டர். இது டைனமோ. இந்தப் பெருசு, ஒரு மழை வருஷம் கிளட்ச் பிரிச்சப்ப. அன்னைக்கு அண்ணன் ஏதோ கல்யாணம்னு உயிரை வாங்கினாரு. அந்த அவசரத்துல விட்டுப்போச்சு."

அவள் அந்தப் போல்ட்டை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் பருமன். திருப்பிப் பார்த்தாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. டிரைவர் பதறி அருகில் போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழிய, பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க சீட்டாடவே இல்லையா?"

"எனக்குச் சீட்டுல ஆட்டின் எது டைமண்ட் எதுன்னே தெரியாது."

அதற்கும் சிரித்தாள். அவனுக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கென்று தெரியாவிட்டாலும் ரெண்டு நிமிஷமும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தான்.

"வேணும்னா எல்லாத்தையும் திருப்பி மாட்டித் தந்துடறேன் அண்ணி. ரெண்டு நிமிஷம்."

"வேண்டாம்" என்றார்கள் இருவரும்.

ரோட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டாள். "நிஜமாவே கிளட்ச்தான்டி. கையில வச்சுப் பாத்துட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "இனிமே யாராவது அந்தப் பேரைச் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றாள். பிறகு கடலையை உடைத்து, தோலை ஊதி, கியர் மாற்றிய அவன் கையில் வைத்தாள். அதுவரை எல்லாவற்றையும் தனியாகவே தின்றிருந்தாள்.

மறுநாள் டைல்ஸ் இறக்க மதியமாயிற்று. இரண்டு பெட்டி உடைந்திருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு காலி வண்டியாகத் திரும்பினார்கள். மூன்று மணிக்கு டீசல் போட்ட இடத்தில் செல்ஃப் எடுக்கவில்லை. அங்கிருந்தவர்கள் எட்டுப் பேர் தள்ளினார்கள். அவளும் தள்ளினாள். வண்டி கிளம்பியது. வீடு வந்து சேர ஏழரை. ஏன் இவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். செல்ஃப் எடுக்கவில்லை என்று அவள் சொன்னாள்.