முந்தி வருகிறவள்

காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, அவை ஊறி மெத்தென்று ஆகும்வரை குன்வோர் யாரோடும் பேசமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே பெரிய ஆண்டெனாத் தட்டு வானத்தைப் பார்த்து நிற்கும். அந்த நேரத்தில் யாராவது ஏதாவது கேட்டால், வாயைக் குவித்து "ஷூப்" என்று மூச்சை உள்ளே இழுப்பாள். ஸ்வீடனின் வடகோடியில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். தெற்கிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒருவர், நெஞ்சுவலியோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்.

"நீயே குடிப்பா. உனக்குத்தான் மூஞ்சி வெளுத்திருக்கு" என்றாள் குன்வோர்.

தலைக்கு மேலே ஓடும் செயற்கைக்கோள்களோடு பேசுவதுதான் கிரூனா ஊரில் அவள் உத்தியோகம். அதில் ஒன்றின்மேல் தனிப் பிரியம். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. இவள் வைத்தது 'கிழவி'. கிழவியை ஏவிய அன்று இந்தக் கட்டுப்பாட்டு அறை கல்யாண வீடாக இருந்தது. மேலேயிருந்து முதல் சமிக்ஞைக் குரல் கேட்டதும் குன்வோர் தன் மேலதிகாரியை அலாக்காகத் தூக்கிச் சுற்றிவிட்டாள். அன்று இருந்தவர்களில் இன்று மிச்சம் இவள் ஒருத்திதான். அவள் பிறந்த தெருவும் இப்போது இல்லை. இரும்புச் சுரங்கம் அடியில் தோண்டத் தோண்ட, ஊரில் பாதியைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோய்விட்டார்கள். மாறாமல் அதே குரலில் கூப்பிடுவது கிழவி மட்டும்தான்.

அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் குன்வோர் சட்டென்று, கூட வேலை பார்க்கும் ஸ்டூரேயின் கேக் கதைக்குத் தாவிவிடுவாள். சூரியன் சீறிக் காந்தப் புயல் அடித்தால், வானத்தில் ஆடும் பச்சை ஒளியைப் பார்க்க ஊரே வெளியே ஓடும். இவளுக்குக் கவலை வேறு. "அடுப்புல பால் பொங்குற மாதிரி மேல இருக்கிற காத்து சூடேறிப் பொங்கிடும். கிழவி அதுல உரசி உரசி ஓடணும்." அப்படி ஒரு புயலன்று, உரசினால் தாமதம்தானே என்று, அப்போது புதிதாக வேலைக்கு வந்திருந்த ஸ்டூரே ஆண்டெனாவைப் பிந்தித் திருப்பினான். கிழவி அதற்குள் கடந்துபோய்விட்டாள். உரசினால் கீழே இறங்குவாள். இறங்கினால் பூமியை இன்னும் சீக்கிரம் சுற்றிவந்துவிடுவாள். தப்புப் பண்ணினவர்தான் மற்ற எல்லோருக்கும் கேக் வாங்கவேண்டும் என்பது அந்த அறையின் சட்டம்.

"பிரேக் போட்டா வேகமாப் போற வண்டி உலகத்துல இது ஒண்ணுதான். எனக்கெப்படித் தெரியும்?" என்பான் ஸ்டூரே, தலை நரைத்த பிறகும்.

"கேக் நல்லாத்தான் இருந்துச்சு" என்பாள் இவள்.

போன மே மாதத்துப் புயலை ஊரில் யாரும் பார்க்கவில்லை. அங்கே மே மாத இரவில் இருட்டே கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு கிழவியின் குரல் கேட்கவில்லை. உயரம் ஏற்றிவிட அவளிடம் எரிபொருளும் இல்லை. தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது: இன்னும் ஒரே ஒரு முறை தேடுங்கள், கிடைத்தால் ஒலிபரப்பியை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள், மற்றச் செயற்கைக்கோள்களின் பேச்சில் குறுக்கிடாமல் விழட்டும், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

"சொல்லாம கொள்ளாம போக நான் விடமாட்டேன்" என்றாள் குன்வோர். அன்று காப்பியைத் தொடவே இல்லை. கிழவியின் பழைய உயரத்தை வைத்துக் கணினி சொன்ன நேரத்தைப் பார்த்தாள். அதைவிட வெகுவாக முந்தியே ஆண்டெனாவை வடக்கு விளிம்புக்குத் திருப்பினாள்.

"இவ்வளவு முன்னாடியா? இன்னைக்கு நீ கேக் வாங்கப்போற" என்றான் ஸ்டூரே.

"வாங்கிட்டுப் போறேன். நீ காதை வை."

வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஸ்டூரே கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிசாக அந்தப் பழைய குரல் எழுந்தது.

"வந்துட்டா" என்றாள் குன்வோர். "எப்படி ஓடி வந்திருக்கா பாரு."

தலைக்கு மேலே இருக்கப்போவது சில நிமிஷங்கள்தான். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் தேய ஆரம்பித்ததும் ஸ்டூரே விசைமேல் விரலை வைத்தான்.

"அணைச்சிரவா?"

குன்வோர் வாயைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக ஸ்டூரேக்குச் சந்தேகம் வந்தது. "ஆமான்னுதானே சொன்ன?"

அவள் மறுபடியும் இழுத்தாள்.