கண்ணாடி நார்த் தூசி

லண்டன் குரோய்டனில் நடந்த கார்க் கண்காட்சியில், அறுபதுகளின் கொர்வெட் கார் ஒன்றின் முன்மூடியான பொனெற்றை என் மகன் விரலால் தட்டினான். தகரச் சத்தம் வரவில்லை. மரப்பெட்டியைத் தட்டியதுபோல் 'டொக்' என்றது.

எண்பதுகளில் அப்பா கோலியர்ஸ் வுட்டில் ஒரு கராஜில் இந்த அமெரிக்கக் கார்களைத்தான் திருத்தினார். "இதின்ரை உடம்பு தகரமில்லை பிள்ளை, கண்ணாடி நார், ஃபைபர்கிளாஸ்" என்பார். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி ஏறி அவர் கைகள் தடித்துச் சிவக்கும். சாப்பிடும்போதும் சொறிவார்.

அந்த நாட்களில் என் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது. அந்தக் கைகளைப் பார்த்தபடியே, "நீங்கள் வரவேண்டாம் அப்பா, அம்மா வந்தால் காணும்" என்றேன்.

"ஓம் பிள்ளை, எனக்கும் அண்டைக்கு ஷிப்ட்."

நானும் அம்மாவும் திரும்பி வந்தபோது அப்பா வீட்டில்தான் இருந்தார், மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டிய நீளக்கைச் சட்டையோடு.

மகன் பொனெற்றை மறுபடியும் தட்டினான்.

"காணும், கையை எடு" என்றேன்.