சுவருக்கு அந்தப் பக்கத்து ஃபிரிட்ஜ்

மருத்துவ மாணவர்களுக்கு இருதயத்தைக்கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரு வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. குடும்பத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னால் வட்டமும் கட்டமும் போட்டு, வண்ணம் தீட்டி, அழகாக நீட்டுவார்கள்.

பாளையம்பட்டியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீடு. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய்; காலில் ஆறாத புண். தினமும் இன்சுலின் போடாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று நானே எச்சரித்திருந்தேன். ஆனால் பாகம் பிரித்த சண்டையில், மருந்தைக் குளிரில் வைக்க வேண்டிய ஃபிரிட்ஜ் அடுத்த வீட்டில் இருக்கும் அவர் தம்பி பங்குக்குப் போயிருந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இருவரும் கடைக்குக் கிளம்பிய பிறகு, தம்பி மனைவி மருந்தை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக வருவாள். இதை அந்த அம்மா, குடும்பத்தைப் பற்றி எழுதிவர நான் அனுப்பிய மாணவனிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்.

நம்மாள் என்ன செய்தான்? கடைக்காரரிடமே போய், "அண்ணாச்சி, உங்க தம்பி சம்சாரம் எவ்வளவு ஒத்தாசையா இருக்காங்க!" என்று பாராட்டிவிட்டு வந்தான்.

"ஏம்ப்பா, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் தெரியாமத்தான அது நடந்துச்சு?" என்று கத்தினேன்.

"நல்லதுதானே மேடம் சொன்னேன்?"

நல்லதாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுவாரம் துள்ளிக்கொண்டு வந்தான். "பிரச்சினை தீர்ந்துச்சு மேடம்! அண்ணாச்சி புது ஃபிரிட்ஜே வாங்கிட்டார்."

நானும் கூடப் போனேன். ஆளுயர ஃபிரிட்ஜ், நெற்றியில் சந்தனப் பொட்டோடு நின்றது. "இனிமே எவன் வீட்டுத் தயவும் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் கிளம்பினார். அந்த அம்மாவின் கால் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். புண் பரவியிருந்தது. ஃபிரிட்ஜுக்குள் மருந்துப் புட்டி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மருந்து வீட்டுக்குள்ளயே இருக்கு. எடுத்துப் போட என்னம்மா கேடு?"

"ஊசியில உள்ள கோடு என் கண்ணுக்குத் தெரியலையே டாக்டரம்மா. கொழுந்தன் சம்சாரம், அந்தப் பிள்ளைதான் வந்து போட்டுவிடும். இவுக கொல்லைக் கதவைப் பூட்டிட்டாக. ஊசியைப் பாத்தாலே இவுகளுக்கு மயக்கம் வந்துரும்."

மாணவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். மருந்தை ஏற்றி அவன் கையில் கொடுத்தேன். போட்டுவிட்டான்.

அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு அவனிடம் கேட்டார்: "நாளைக்கு யாரு தம்பி போடுவா?"