ஒற்றை இலைச் செடியின் பூ

மாதவியைப் போல ஒரு பொறுமைசாலியை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அந்தப் பொறுமைக்கு என்ன கிடைத்தது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தாவர ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு ஒப்பந்த வேலை. அடுத்தவர் கண்டெடுத்த புதுச் செடிகளுக்கெல்லாம் இலையை அளந்து, பூவைப் பிரித்துப் பார்த்து, வர்ணனை எழுதிக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. ஒரே ஒரு செடிக்காவது தான் பேர் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

செலாயாங்கைத் தாண்டி ஒரு சுண்ணாம்புக் குன்றின் பாறை இடுக்கில் அந்தச் செடியைப் பார்த்தாள். ஆயுசுக்கும் ஒரே ஓர் இலை விடுகிற ஜாதி. ஒருமுறைதான் பூக்கும், பிறகு பட்டுப்போகும். இலையும் அதன் மேலிருந்த ரோமமும் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பூவைப் பிரித்துப் பார்க்காமல் புது இனம் என்று எழுத முடியாது. மறுபடி போனபோது கல்லுடைக்கிறவர்கள் குன்றின் அந்தப் பக்கத்தையே லோரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை பிடுங்கி வந்த நாற்று ஒன்றுதான் மிச்சம்.

ஆய்வுக்கூடத்து ஏர்கோனில் அது துவண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறை ஜன்னலோர ஈரத்தில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். புடவைக் கடையில் வேலை பார்க்கும் கணவர் கன்னையாவும் சலிக்காமல் தண்ணீர் தெளித்தார். ஒருவழியாகத் தண்டு கிளம்பி இரண்டு மொட்டு வைத்தது.

"பூத்தா உடனே சொல்லுங்க" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. அது யாருக்குத்தான் தோன்றும்?

ஒருநாள் காலையில் வாட்சாப்பில் படம் வந்தது. பிள்ளையார் பாதத்தில், அருகம்புல்லுக்கு நடுவே, தண்டோடு கிள்ளிய இரண்டு வெள்ளைப் பூக்கள். கீழே கன்னையாவின் குரல்: "பூத்திருச்சு மாதவி! பூத்தா மொத பூ சாமிக்குத்தான்னு நேந்திருந்தேன் லா. உன் பேருக்கு அர்ச்சனையும் பண்ணிட்டேன்."

தன் செடியின் பூவை அவள் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். ஐயோ, எந்தப் பாவிக்கும் அது வேண்டாம்.

ரயிலில் நின்றபடியே வந்து கோயிலுக்கு ஓடினாள். "உச்சிகால அபிஷேகத்துக்குப் பழைய பூவெல்லாம் கலைச்சாச்சும்மா. குப்பை லோரி இப்பத்தான் போச்சு" என்றார் குருக்கள். கோயில் குப்பைத் தொட்டியில் ஒட்டியிருந்த இதழ்களைக் கையால் வழித்துப் பார்த்தாள். எல்லாம் சாமந்தி.

வீட்டில் கன்னையா நெற்றி நிறைய விபூதியோடு, சர்க்கரைப் பொங்கல் பொட்டலத்தை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அந்தப் பூ எதற்கு வேண்டியிருந்தது என்று அவள் சொல்லச் சொல்ல மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வாய் வரவில்லை. அவளுக்காக வேண்டிக்கொள்ள இந்த உலகத்தில் அவரை விட்டால் ஆளில்லை.

வாரக் கடைசிக்குள் அந்த ஒற்றை இலையும் கறுத்துத் தொங்கியது.

"வேற எங்கியாச்சும் இருக்கும் லா. போய்த் தேடுவோம். நானும் வரேன்" என்றார்.

"எங்கயும் இல்லைங்க."

"அப்ப நீ வைக்க நினைச்ச பேரு?"

மாதவி செடித் தொட்டியின் மண்ணைக் குப்பைப் பையில் கொட்டினாள்.

"இல்லாத செடிக்கு எதுக்குங்க பேரு?"