யுன்ஜி எழுத மறுத்த மருந்துச்சீட்டு

அண்ணன் பாவ்ஷானின் வலது மணிக்கட்டில் வைத்த மூன்று விரல்களை யுன்ஜி எடுக்கவே இல்லை. வழக்கமாக ஒரு நிமிஷம் போதும் அவளுக்கு. அன்று மூன்று நிமிஷம் தாண்டியும் தலை நிமிரவில்லை.

"என்ன தங்கச்சி, தூங்கிட்டியா? வெளிய பதினோரு பேரு உக்காந்திருக்காங்க."

"வாயைத் தெறண்ணே. நாக்கை மேல மடக்கு."

நாக்கின் அடியில் இரண்டு நரம்புகளும் புடைத்துக் கருநீலமாக இருந்தன. மேலே தடித்த வெள்ளைப் படிவு. நாடி மெலிந்து, தடுமாறி ஓடியது. ஆனாலும் அவளைக் கலக்கியது இவை அல்ல. அவர் இடுப்புவாரில், இன்னும் இறுக்கிக் கட்டுவதற்காக ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

ஜியாலிங் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரின் சீன வைத்தியசாலையில் இருபத்தாறு வருஷமாக நாடி பார்ப்பவள் லியாவ் யுன்ஜி. கல்லூரியில் நாடியும் மூலிகையும் படித்தவள்தான். நுண்ணோக்கியில் புற்றுநோய்ச் செல்களைப் பார்த்துப் பரீட்சையும் எழுதியவள். ஐம்பத்தாறு வயது பாவ்ஷான் சந்தை முனையில் ஆவியில் வேகவைத்த பன் விற்பவர். மூன்று மாதத்துக்கு முன் வயிற்றெரிச்சல் என்று வந்தவருக்கு, சீன வைத்திய முறைப்படி மண்ணீரல் பலவீனம் என்று சொல்லி, அதிமதுரமும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் வேறு சில வேர்களும் சேர்த்துக் கஷாயம் எழுதித் தந்தவள் அவளே. மூன்று வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. தங்கை கைராசிக்காரி என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார் பாவ்ஷான். இப்போது பசியே இல்லை என்று மறுபடி வந்திருந்தார்.

"கறி தின்ன முடியுதா?"

"வாசனையே ஒத்துக்கல."

"வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?"

"காலங்காத்தால பன் விக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று சிரித்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படிக் கறுக்கும்; அவள் கேள்வியை விடவில்லை. "ஒரு பத்து நாளா இருக்கு," என்றார் குரலைத் தாழ்த்தி. "அதே கஷாயத்தை எழுதிக் குடு. போன தடவை கேட்டுச்சே."

யுன்ஜி பேனாவை மூடி வைத்தாள். "எழுத மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்துட்டு வா. அப்புறம் எழுதறேன்."

பாவ்ஷானின் முகம் இறுகியது. "நம்ம அப்பாவை அங்கதான் கிழிச்சு, பாத்துட்டு, அப்படியே தைச்சு அனுப்பினாங்க. இருபதாம் நாள் பொணம். என்னையும் அனுப்பறியா?" நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெளியேறினார். காத்திருந்த பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள்.

பிற்பகலில் அண்ணி சாய்ச்சின் வந்தாள், முந்தைய மருந்துச்சீட்டைக் கையில் பிடித்தபடி.

"யுன்ஜி, உங்கண்ணன் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? எழுதிக் குடுத்துடு. நீ குடுக்கலன்னா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பொடி விக்கறவன்கிட்ட போறேங்கறாரு."

"அண்ணி, அந்தக் கஷாயம்தான் நம்மளை ஏமாத்திடுச்சோன்னு பயமா இருக்கு."

"குணமாச்சேடீ?"

"வயித்துல புத்துநோய் இருந்தா அது மேல புண்ணா வெடிக்கும். மருந்து குடுத்தா சில சமயம் அந்தப் புண்ணு ஆறி மூடிக்கும், வலியும் போயிடும். அடியில இருக்கறது அப்படியேதான் இருக்கும்." சாய்ச்சினின் முகம் வெளுப்பதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. "ஒரு செல்லு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மத்த செல்லெல்லாம் வயசானா சாகும், இடம் இல்லன்னா நிக்கும். இதுக்கு ரெண்டும் தெரியாது. உங்க கடையில மாவு உப்புது, சத்து தீந்தா நின்னுடுது இல்ல? இது நிக்காது. பக்கத்து ரத்தக் குழாயைத் தன் பக்கம் இழுத்து, தனக்குத் தானே சாப்பாடு வரவழைச்சுக்கும். இன்னும் கொஞ்சம் விட்டா அங்கேருந்து கிளம்பி ஈரலுக்குப் போயிடும். எத்தனை நாள் இருக்குன்னு நாடியில எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"அப்ப நீயே வந்து சொல்லு. நான் சொன்னா அந்தாளு கேக்க மாட்டாரு."

மறுநாள் காலை கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் யுன்ஜி போய் நின்றாள். வரிசையில் பாதிப்பேர் அவளிடம் வைத்தியம் பார்ப்பவர்கள். பாவ்ஷான் ஆவித்தட்டை இறக்கினார். அவளைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, நான் குடுத்த மருந்து தப்பு."

வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"தெருவுல நின்னு என்ன பேச்சு இது? வீட்டுக்கு வா."

"வீட்டுக்கு வந்தா கதவைச் சாத்திடுவ. வயிறு எரியுதுன்னு வந்த அம்பத்தாறு வயசு ஆளை, உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே மருந்து குடுத்தேன். நீ அண்ணன்கிறதால இன்னும் அலட்சியமா இருந்துட்டேன். தப்பு என்னோடது."

"உன் மருந்து தப்புன்னு நீயே கூவினா உன்கிட்ட எவன் வருவான்?"

"எவனும் வர வேணாம். நீ ஆஸ்பத்திரிக்கு வா."

பாவ்ஷானின் கை ஆவித்தட்டின் விளிம்பிலேயே நின்றது. சூடு உறைத்தபின்தான் கையை உதறினார். சாய்ச்சின் அவர் ஏப்ரனின் முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்த்தாள், அவர் தடுக்கவில்லை. "நீ பக்கத்துல இருக்கணும்," என்றார் தங்கையிடம். "அப்பா மாதிரி தனியா விட்டுடாத."

பெரிய ஆஸ்பத்திரியின் சோதனை அறைக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழாய் காட்டிய படத்தை யுன்ஜி திரையில் பார்த்தாள். வயிற்றின் கீழ்ப்பகுதியில் பள்ளமான ஒரு புண், ஓரங்கள் மேடிட்டு. அதன் ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தழும்பு கட்டியிருந்தது. ஆறிய இடம். தன் கஷாயம் ஆற்றிய இடமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மருத்துவர் ஆறு இடத்தில் சோதனைக்காகச் சதைத் துணுக்கு எடுத்தார். முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் எந்த மணிக்கட்டைத் தொட்டாலும் அவளுக்கு அண்ணனின் நாடியே தட்டுப்பட்டது. தன் விரல்களையே நம்ப முடியாமல், தினமும் நான்கைந்து பேரைச் சோதனைக்கு அனுப்பினாள்.

புற்றுநோய்தான். அறுவை நாலரை மணி நேரம் நடந்தது. வாசலில் அண்ணியும் அவளும் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் அறுவை மருத்துவர் சொன்னார்: வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாயிற்று, சுற்றியிருந்த இருபத்தெட்டு நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் மட்டும் நோய் இருக்கிறது, ஈரல் சுத்தமாக இருக்கிறது. சாய்ச்சின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யுன்ஜி அவளைத் தூக்கவில்லை, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு ஆறு மாதம் கீமோ. குமட்டலில் தண்ணீர்கூடத் தங்காத நாட்களில், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த மூலிகைகளை மட்டும் வைத்து யுன்ஜி கஷாயம் எழுதினாள். அது ஓரளவு கேட்டது.

சந்தையில் அவள் கத்திய பேச்சு ஊரைச் சுற்றியது. அரை வருஷம் அவள் அறை வாசலில் பாதி நாற்காலிகள் காலி. வைத்தியசாலைத் தலைவர் கூப்பிட்டு, "தப்பு நடந்தா உள்ளுக்குள்ள பேசணும்மா, பன் கடையிலயா பேசறது?" என்று கடிந்துகொண்டார். அவள் தன் அறைக்குத் திரும்பி வந்தாள். நாற்பது தாண்டிய யாருக்கும் வயிற்றுக்குள் பார்க்காமல் வயிற்று மருந்து தருவதில்லை என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டினாள். சிலர் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போனவர்களைப் பற்றி அவள் வெகுநேரம் யோசிப்பாள்.

இது நடந்து ஏழு வருஷம். பாவ்ஷான் ஒரு நாளைக்கு ஆறு முறை, முறைக்கு அரைப் பன் சாப்பிடுகிறார். "தங்கச்சி தொட்டதுமே கண்டுபிடிச்சுட்டா, விரல்லயே கண்ணு இருக்கு," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கண்டுபிடித்தது இடுப்புவார்தான் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் கேட்பதாக இல்லை.