முதலாளி சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழம்

என் மாமாவுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். அம்மாவுக்கு ஒரே தம்பி. முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் முதலாளி ஏதோ சொல்லிவிட்டார் என்று கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு வந்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அத்தையை அவளுடைய பிறந்த வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வேலையில் உருப்படியாக நிலைக்கட்டும், அப்புறம் அனுப்புகிறோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

எமர்ஜென்சி முடிந்த சமயம் என்று நினைக்கிறேன். சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸில் மாமாவுக்கு டிரைவர் வேலை கிடைத்தது. வேலையில் சேருமுன் அம்மா அவரை என் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். முதலாளி என்ன சொன்னாலும் கை நீட்டக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தியத்தைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. மாமா மீறினால் என் தலை வெடித்துவிடும், அவ்வளவுதான். தம்பியின் வேலைக்கு மகளுடைய தலையை அடமானம் வைத்த அம்மாவின் மேல் எனக்குச் சில நாள் வருத்தம் இருந்தது.

புது முதலாளி பெரிய பக்திமான். காலையில் கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நாற்காலி போட்டு உட்காருவார். சகுனம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டி புறப்படும்போது யாராவது தும்மினால் எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புறப்படுகிற நேரத்தில் ‘எங்கே போகிறது’ என்று கேட்டான் என்பதற்காக ஒரு பயணியையே ஏற்றாமல் விட்டவர் என்று சொல்வார்கள். ஆனால் தன்னுடைய வாயை மட்டும் அவர் சகுனத்தில் சேர்க்கவே இல்லை. கண்டக்டரில் தொடங்கி வண்டி துடைக்கிற பையன் வரை அந்த வாயில் விழாதவர் கிடையாது.

பெரியம்மாவைப் பார்க்க அம்மாவும் நானும் புளியங்குடிக்குப் போன அன்றுதான் அது நடந்தது. மாமாவின் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். காக்கிச் சட்டையில் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி நகரும்போது கத்தரிக்காய்ப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி அம்மாள் ஓடிவந்தாள். மாமா வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டார். அது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“ஏலே, கட்டையில போறவனே. வண்டி என்ன ஒங்க அப்பன் வீட்டுதால? எடுல.”

பஸ் முழுக்கக் கேட்டது. அக்காளுக்கும் அக்காள் மகளுக்கும் முன்னால். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் என் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மாமா என்ஜினை அணைத்தார். கீழே இறங்கினார். கை நீளப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் கேட்காததால் திறந்து பார்த்தால், முதலாளிக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமா பணிவாக நின்றிருந்தார்.

“மொதலாளி, வண்டியில அம்பது உசுரு இருக்கு. கட்டையில போறவன் கையில கொடுத்து அனுப்பலாமா? திருஷ்டி கழிச்சிட்டு எடுக்கேன்.”

சொல்லிவிட்டு, எதிரே இருந்த பூசைச் சாமான் கடைக்குச் சாவகாசமாக நடந்தார். ஊர்வலத்துக்குப் போகிறவர்கூட அத்தனை மெதுவாக நடக்க மாட்டார். பஸ்ஸுக்குள் அதற்குள் சலசலப்பு எழுந்துவிட்டது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இறங்கிவிடலாமா என்று புருஷனிடம் கேட்டாள். பின்னால் அடுத்த கம்பெனி வண்டி வந்து நின்று, அதன் கண்டக்டர் புளியங்குடி, புளியங்குடி என்று உற்சாகமாகக் கூவத் தொடங்கினார். முதலாளியின் திருநீறு வியர்வையில் கரைந்தது. அவருக்கே பயம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அவர் நம்பிய சகுனம் அல்லவா.

மாமா எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிக்கொண்டு திரும்பினார். கத்தரிக்காய்க்கார அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“சொன்னவுக கையாலயே சுத்திப் போடச் சொல்லுங்க. அப்பத்தான் கழியும்.”

ஆமாம், ஆமாம் என்று பஸ்ஸே சொன்னது. மாமா பழத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். முதலாளி அடுத்த வண்டியைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், பழத்தை வாங்கிக்கொண்டார். மாமா கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். கட்டையில் போகச் சொன்ன மனிதர், மாமாவின் தலையை மூன்று சுற்றுச் சுற்றிப் பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்துச் சூடத்தையும் ஏற்றினார். மாமா ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பழம் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு முதலாளி திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. மற்றவர்களை வழக்கம்போலத்தான் வைதார். ஆனால் மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். ஏலே போய், ‘டிரைவர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். தீபாவளிக்கு அத்தை திரும்பி வந்தாள். ரிடையர் ஆகும் வரை மாமா அதே கம்பெனியில்தான் இருந்தார். நானும் பிற்பாடு ஆபீஸ்களில் வாய் நீண்ட அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். பதில் பேசிக் கெட்டிருக்கிறேன், பேசாமல் குமைந்திருக்கிறேன். கையும் நீட்டாமல், எதிர்த்தும் பேசாமல், தலையும் குனியாமல் நின்ற அந்த வித்தை எனக்குக் கடைசி வரை கைவரவில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

அன்றைக்குப் புளியங்குடியில் எல்லோரும் இறங்கிய பிறகு மாமா டீக்கடையில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கினார். தம்ளர் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. கை நடுங்கி, தண்ணீர் முழுக்கச் சட்டையில் கொட்டியது. அம்மா இன்னொரு தம்ளர் வாங்கி, தானே அவருடைய வாயில் வைத்துப் பிடித்தாள். அந்தப் பழைய வண்டியை ஓட்டினால் கை அப்படித்தான் ஆடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எனக்குக் கலர் சோடா வாங்கித் தரச் சொல்லி அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.