பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு வாள்சண்டை

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையிலிருந்து என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அவள் விளையாடிக்கொண்டிருந்த சாமுராய் கேமை அப்படியே நிறுத்திவிட்டு உடுப்பு மாற்ற ஓடியிருந்தாள். டிவியை அணைக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வாப்பா வயல் விளைச்சலைப் பற்றிக் கதைத்தார். மாப்பிள்ளையின் கண் டிவியிலேயே இருந்தது. அதில், பாலத்தின் நடுவே இரண்டு வாள்களோடு ஒரு கிழட்டு சாமுராய் வழிமறித்து நின்றான்.

மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினார். "காக்கா, நீங்களா விளையாடுற? இவன் வாளத் தூக்கக்குள்ள பாயக் கூடாது, தடுக்கணும்."

நான் வாய் திறக்குமுன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தங்கச்சி கேட்டாள். "அது எனக்கும் தெரியும். ரெண்டாவது வாளுக்கு என்ன செய்யிற?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த உம்மா திரைச்சீலையை முறைத்தார்.

"தாங்க, காட்டுறன்," என்று மாப்பிள்ளை என்னிடம் கன்ட்ரோலரை வாங்கினார். பிஸ்மி சொல்லித் தொடங்கியவர், இரண்டாவது வாளிலேயே வெட்டுப்பட்டு மௌத்தானார்.

தங்கச்சி சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். அவரோ கன்ட்ரோலரைத் திரைச்சீலைப் பக்கம் நீட்டினார். "அப்ப நீங்க காட்டுங்க."

அவள் வெளியே வந்து விளையாடி, அதே வாளில் மௌத்தானாள். இப்போது அவர் சிரித்தார்.

அவர்கள் போனதும் உம்மா மெல்லக் கேட்டார். "மாப்பிள்ளையப் பிடிச்சிரிக்கா மகள்?"

"ஓம் உம்மா. ஆள் நல்லம், விளையாட்டுத்தான் சரியில்ல."

அந்தக் கிழவனை வென்றவர்கள் கீழே கமெண்டில் வழி சொல்லுங்கள். அவனை முடித்துவிட்டுத்தான் நிக்காஹ்வாம்.